யுடோப்பியாவும் டிஸ்டோப்பியாவும்: விருந்தாளி சொல்லும் கதை, குடியிருப்பவர் சொல்லும் கதை

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயரான தாமஸ் மோர் ஓர் இலட்சியத் தீவைக் கற்பனை செய்து எழுதிய 'யுடோப்பியா'வைப் படித்திருக்கிறீர்கள். அந்தத் தீவில் வெளியூர் போக அனுமதிக் கடிதம் வேண்டும், அடிமைகளும் இருக்கிறார்கள், இதைப் போய் எப்படி இலட்சிய உலகம் என்கிறார்கள் என்று உங்களுக்குக் கோபம் வந்திருக்கிறது. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவல் டிஸ்டோப்பியா (கொடுமையான கற்பனை உலகம்), 'விலங்குப் பண்ணை'யும் டிஸ்டோப்பியா, ஜாம்பி படமும் டிஸ்டோப்பியா என்று சகட்டுமேனிக்குச் சொல்கிறார்களே, எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வரையறை கேட்பதுபோல் இருந்தாலும், ஓர் உலகம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. எழுதியவருக்கா, அன்றைக்கு வாசித்தவருக்கா, இன்றைக்கு வாசிக்கும் நமக்கா? இந்த நூல்களைக் கல்லூரியில் பல வருடங்களாகப் பாடம் நடத்தி வருகிறேன். உங்களுக்கு வந்த அதே கோபம் நன்றாகப் படிக்கிற மாணவர்கள் எல்லாருக்கும் வருவதைப் பார்த்திருக்கிறேன். அதை அடக்கிக்கொள்ளாமல் அதிலிருந்தே தொடங்கலாம்.

மோரின் நூல் 1516-இல் லூவேன் நகரில் லத்தீனில் அச்சானது. ரஃபேல் ஹிட்லோடே என்ற மாலுமி, தான் ஐந்து வருடம் தங்கிவிட்டு வந்த தீவைப் பற்றிச் சொல்வதாக அமைந்தது. அங்கே ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வேலைதான். சொத்து பொது, சாப்பாடு பொது. தங்கத்தில் கழிவுக் கலயங்களும் அடிமைகளின் சங்கிலிகளும் செய்கிறார்கள், அதன் மேல் யாருக்கும் ஆசை வரக்கூடாது என்பதற்காக. வீட்டுக் கதவுகளுக்குப் பூட்டு கிடையாது. கையால் தள்ளினால் திறக்கும், தானே மூடிக்கொள்ளும், யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். பத்து வருடத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு வீடுகளை மாற்றிக்கொள்கிறார்கள், எந்த வீடும் யாருக்கும் 'என் வீடு' ஆகிவிடக் கூடாது என்று. நீங்கள் குறிப்பிட்ட பயண விதியும் சரிதான். திரும்பும் தேதி போட்ட கடிதம் இல்லாமல் எல்லையைத் தாண்டினால் ஓடிப்போனவரைப்போல் பிடித்துக்கொண்டு வருவார்கள். மறுபடி செய்தால் அடிமை வேலை.

இப்போது நூலின் முதல் பாகத்துக்கு வாருங்கள். பலர் அதைப் புரட்டிவிட்டு நேராகத் தீவுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே பேசப்படுவது இங்கிலாந்து. கம்பளிக்கு நல்ல விலை கிடைத்ததால் நிலப்பிரபுக்கள் விளைநிலங்களை வேலி போட்டு ஆட்டு மேய்ச்சலுக்கு விட்டார்கள். குடியானவர்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். வேலை இல்லாமல் திருடினார்கள், திருடியதற்குத் தூக்கில் போட்டார்கள், சில சமயம் ஒரே தூக்குமரத்தில் இருபது பேர் என்று நூல் சொல்கிறது. சாதுவான ஆடுகள் மனிதரையே தின்ன ஆரம்பித்துவிட்டன என்ற புகழ்பெற்ற வரி வருவது இங்கேதான். திருடனுக்குத் தூக்கு என்ற நாட்டில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு, குற்றவாளியைக் கொல்லாமல் வேலை வாங்கும் நாடு கருணையுள்ள நாடாகத் தெரியும். இருபத்தோராம் நூற்றாண்டில் படிக்கும் நமக்கு அது அடிமை முறையாக மட்டுமே தெரிகிறது. இரண்டு பார்வையும் நேர்மையானவைதான்.

இந்தச் சிக்கலுக்காகவே இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட வரையறை ஒன்று இருக்கிறது. லைமன் டவர் சார்ஜென்ட் என்ற அமெரிக்க அறிஞர் 1994-இல் வகுத்தது. அதன் சாரம் இது: காலமும் இடமும் குறித்து, ஓரளவு விரிவாக வர்ணிக்கப்பட்ட ஒரு கற்பனைச் சமூகம் வேண்டும், தன் காலத்து வாசகர் தான் வாழும் சமூகத்தைவிட அது வெகுவாக மேலானது என்று கருத வேண்டும் என ஆசிரியர் நினைத்திருந்தால் அது நல்லுலகம் (நாம் பொதுவாக யுடோப்பியா என்பது), வெகுவாக மோசமானது என்று கருத வேண்டும் என நினைத்திருந்தால் டிஸ்டோப்பியா. 'தன் காலத்து வாசகர்' என்பதைக் கவனியுங்கள். உங்களையும் என்னையும் அது கேட்கவே இல்லை. பரீட்சைக்கு இது போதும். ஆனால் படிக்கிற ஆளுக்குப் போதாது. ஆசிரியர் என்ன நினைத்தார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மோர் தன் பெயரிலேயே ஒரு பாத்திரமாக நூலுக்குள் இருக்கிறார், அந்தப் பாத்திரம் கடைசியில் 'இவர்களின் பல வழக்கங்கள் எனக்கு அபத்தமாகப் பட்டன' என்ற பொருளில் பேசிவிட்டுப் போகிறது. மத சகிப்புத்தன்மையைப் பெரிதாகப் பேசும் நூலை எழுதியவர், பின்னால் இங்கிலாந்து மன்னரின் உயர் அமைச்சரான சான்ஸலராக இருந்தபோது மாற்றுக் கருத்துக்காரர்களை வேட்டையாடியவர். இந்த முரண் இன்றுவரை தீரவில்லை, தீர்ந்ததாகச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

அதனால் வகுப்பில் நான் வேறொரு கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன்: இந்த உலகத்தை நமக்குக் காட்டுவது யார்? வெளியிலிருந்து வந்தவரா, உள்ளேயே வாழ்பவரா? நான்கு நாள் விருந்துக்கு வந்தவருக்கு வீட்டின் ஒழுங்கும் சாப்பாடும்தான் கண்ணில் படும். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்குத்தான் எந்தக் கதவை எப்போது திறக்கக்கூடாது என்பது தெரியும். யுடோப்பியக் கதை பெரும்பாலும் விருந்தாளி சொல்லும் கதை. டிஸ்டோப்பியா பெரும்பாலும் குடியிருப்பவர் சொல்லும் கதை.

இது நான் கண்டுபிடித்த விஷயம் அல்ல, நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தானே தெரிவது. மோரில் மாலுமி. காம்பனெல்லாவின் 'சூரிய நகர'த்தில் ஜெனோவாவைச் சேர்ந்த கடலோடி. பேக்கனின் 'புதிய அட்லான்டிஸ்' நூலில் கரை ஒதுங்கிய கப்பல்காரர்கள். உலகம் முழுக்கக் கடல்வழி தெரிந்துபோன பிறகு தீவுக்கு இடமில்லை, அதனால் காலத்துக்குத் தாவினார்கள். எட்வர்ட் பெல்லமியின் 1888-ஆம் வருட நாவலில் பாஸ்டன் நகரத்து ஜூலியன் வெஸ்ட் 1887-இல் தூங்கி 2000-இல் விழிக்கிறான். வில்லியம் மாரிஸின் 1890-ஆம் வருட நூலிலும் தூங்கி எழுபவர்தான், அவர் பெயரே கெஸ்ட். எல்லாவற்றிலும் விருந்தாளி கேள்வி கேட்பார், ஊர்க்காரர் ஒருவர் பொறுமையாக விளக்குவார், இவர் வியப்பார். இந்த நூல்கள் சில இடங்களில் அலுப்பூட்டுவதற்கும் இதுதான் காரணம். சண்டை இல்லாத ஊரில் கதை எங்கிருந்து வரும்?

இதே வகையில் நமக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-இல் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'தி இண்டியன் லேடீஸ் மேகஸின்' இதழில் வெளியானது. சுல்தானா கண்ணயர்கிறாள், சாரா என்ற தோழி அவளைப் பெண்கள் நாட்டுக்குள் அழைத்துப் போகிறாள். ஆண்கள் வீட்டுக்குள் முடங்கியிருக்கிறார்கள். சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது, அடுப்பங்கரையில் புகை இல்லை, கரி இல்லை. வானத்து நீரைப் பலூன் வைத்து இறக்கிக்கொள்கிறார்கள். நாளுக்கு இரண்டு மணி நேரத்தில் அலுவலக வேலை முடிந்துவிடுகிறது. ஆண்களுக்கு ஏன் முடியவில்லை? ஒரு சுருட்டு எரிய அரை மணி, நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆக ஆறு மணி நேரம் புகையில் போகிறது என்று சாரா கணக்குச் சொல்கிறாள். அந்த நாட்டு ஆண் ஒருவன் வாய் திறந்து கதை சொன்னால் அது டிஸ்டோப்பியா ஆகிவிடும். ரொக்கேயா இதை அறியாமல் எழுதவில்லை. பர்தாவுக்குள் இருந்த பெண்களின் நிலையை அப்படியே திருப்பிப் போட்டுக் காட்டுவதுதான் கதையின் உயிர்.

ரஷ்ய எழுத்தாளர் யெவ்கெனி ஸம்யாத்தின் எழுதிய 'நாம்' நாவலில் விருந்தாளியின் கதை குடியிருப்பவரின் கதையாக மாறுவது கண்ணெதிரே நடக்கிறது. டிஸ்டோப்பியா என்ற வகைமை எப்படிப் பிறந்தது என்று கேட்பவருக்கு நான் முதலில் கொடுப்பது இந்தப் புத்தகத்தைத்தான். 1920, 21 வாக்கில் எழுதி முடித்தார். 1924-இல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் முதலில் புத்தகமானது, சோவியத் நாட்டில் 1988 வரை அச்சாகவில்லை. (எனக்கு ரஷ்ய மொழி தெரியாது, ஆங்கிலம் வழியாகவே படித்தேன், நடையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.) ஸம்யாத்தின் கப்பல் கட்டும் பொறியாளர், முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் நியூகாஸில் பகுதியில் ரஷ்யாவுக்கான பனியுடைப்புக் கப்பல்களின் வேலையை மேற்பார்த்தவர். கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட தொழிற்சாலை வாழ்க்கையை உள்ளிருந்தே அறிந்தவர். அவருடைய 'ஒற்றை அரசில்' மக்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். எல்லாரும் ஒரே நொடியில் எழுகிறார்கள், ஒரு கவளத்துக்கு ஐம்பது முறை மெல்ல வேண்டும் என்று விதி. பழங்காலத்து இலக்கியத்தின் உச்சம் என்று அவர்கள் கொண்டாடுவது ரயில்வே கால அட்டவணையை.

கதை சொல்பவன் டி-503. விண்கலம் கட்டும் பொறியாளன். வேறு கிரகத்தில் இன்னும் 'சுதந்திரம்' என்ற காட்டுமிராண்டி நிலையில் இருப்பவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையின் பெருமையை எடுத்துச் சொல்லத்தான் எழுத உட்காருகிறான். அதாவது நூல் ஊர் சுற்றிக்காட்டும் வழிகாட்டியின் குரலில், அசல் யுடோப்பியாவாகத் தொடங்குகிறது. வீடுகள் எல்லாம் கண்ணாடி. யார் என்ன செய்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், மறைக்க எங்களிடம் எதுவும் இல்லை என்று பெருமைப்படுகிறான். அரசு தரும் இளஞ்சிவப்பு அனுமதிச் சீட்டோடு படுக்கைத் துணை வரும் நேரத்தில் மட்டும் திரையை இறக்கிக்கொள்ள அனுமதி. பிறகு ஐ-330 என்ற பெண்ணைச் சந்திக்கிறான், காதலிக்கிறான், மறைக்க வேண்டிய விஷயம் வந்துவிடுகிறது. அந்த நொடியிலிருந்து அதே கண்ணாடிச் சுவர் திகிலாகிறது. சட்டம் ஒன்றும் மாறவில்லை, மாறியது அவன் நிற்கும் இடம். மோரின் பூட்டில்லாத கதவையும் இந்தக் கண்ணாடிச் சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சொல்லும் சட்டம் ஒன்றே. ரஃபேல் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறவர், டி-503 சுவருக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவன். முடிவில் அவன் மூளையிலிருந்து கற்பனையை அறுத்து எடுத்துவிடுகிறார்கள். ஐ-330 சித்திரவதைப்படுவதை எந்த உணர்ச்சியும் இல்லாமல் பார்த்துவிட்டு மறுபடி வழிகாட்டியின் குரலிலேயே எழுதி முடிக்கிறான். டிஸ்டோப்பியா மீண்டும் யுடோப்பியா ஆகிவிடுகிறது. வாசிக்கிற நமக்கு வயிறு கலங்குவது அங்கேதான்.

'1984' இதற்கு அடுத்த கட்டம். வின்ஸ்டன் ஸ்மித் முதல் பக்கத்திலிருந்தே குடியிருப்பவன், யாருக்கும் எதையும் விளக்கும் வேலை அவனுக்கு இல்லை. அறையில் ஆளைக் கண்காணிக்கும், அணைக்க முடியாத தொலைத்திரை. அதன் கண்ணில் படாத ஒரு மூலை தற்செயலாக அமைந்திருக்கிறது, அங்கே உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறான். 'நாம்' நாவலை ஆர்வெல் படித்தார், 1946 ஜனவரியில் 'ட்ரிப்யூன்' இதழில் அதைப் பற்றி எழுதினார், 1949 ஜூனில் '1984' வெளியானது. இவை உறுதியான தகவல்கள். அதனால் இதிலிருந்து அது வந்தது என்று சொல்லிவிடலாமா? அங்கே நான் நிதானிப்பேன். அந்த நாவலுக்கான ஆர்வெல்லின் குறிப்புகள் அதற்கு முன்பே தொடங்கியவை. இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரசாரமும், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அவர் கண்ணால் பார்த்த பொய்களும் அவருக்குப் போதுமான சரக்கைக் கொடுத்திருந்தன.

விருந்தாளி, குடியிருப்பவர் என்று பிரிக்கும் என் விதி எங்கே தடுக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 1932 நாவலான 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நூலில் உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். மனம் சோர்ந்தால் சோமா மாத்திரை இருக்கிறது. ஒரே கருவிலிருந்து தொண்ணூற்றாறு பேர் வரை உருவாக்குகிறார்கள், தூக்கத்திலேயே பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். முழு மூச்சாக எதிர்ப்பவன் வெளியிலிருந்து வந்தவன், ஷேக்ஸ்பியரைப் படித்து வளர்ந்த ஜான். இங்கே விருந்தாளிதான் கலகக்காரன். அதோடு நிற்கவில்லை. 1962-இல் ஹக்ஸ்லி 'தீவு' என்று இன்னொரு நாவல் எழுதினார். பாலா என்ற தீவில் கரை ஒதுங்கும் பத்திரிகைக்காரர் வில் ஃபார்னபி, அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள், பழைய யுடோப்பிய வடிவம் அப்படியே திரும்பி வருகிறது. முதல் நாவலில் கொடுமையாகக் காட்டிய அதே கருவிகள் இங்கே நன்மைக்கு. அங்கே சோமா, இங்கே மோட்ச மருந்து. அங்கே குழந்தைகளைப் பழக்கி வளர்த்தது அடிமைத்தனம், இங்கே அதுவே விடுதலை. கண்காணிப்பு, மருந்து, சீருடை, பொதுச் சாப்பாடு என்று பட்டியல் போட்டு வகையைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு ஒரே ஆசிரியர் கொடுத்த சாட்சி இது.

இந்த இரண்டு குரலையும் ஒரே ஆளுக்குள் வைத்தவர் உர்சுலா லெ குவின். 1974-இல் வந்த 'தி டிஸ்பொசஸ்ட்' நாவலின் நாயகன் ஷெவெக், சொத்தும் அரசும் இல்லாத அனாரஸ் என்ற கற்பனை உலகில் பிறந்து வளர்ந்த இயற்பியலாளன். சட்டமே இல்லாத அந்த ஊரில் பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயம் சட்டத்தின் வேலையைச் செய்கிறது. மூத்த விஞ்ஞானி ஒருவர் இவன் ஆய்வை அமுக்கி வைக்கிறார். இவன் கிளம்பி, நம் உலகம்போல் பணமும் பகட்டும் உள்ள உர்ராஸுக்கு விருந்தாளியாகப் போகிறான். அங்கே போன பிறகுதான் தன் ஊரின் அருமை தெரிகிறது, ஆனால் ஊரின் குறையும் மறக்கவில்லை. இப்படிக் குறையோடு சேர்த்தே காட்டும் நூல்களை டாம் மொய்லன் என்ற ஆய்வாளர் 'விமர்சன யுடோப்பியா' என்று பெயரிட்டார். எனக்கு இந்த வகைமையில் ஆகப் பிடித்த நூல் எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

சரி, நீங்கள் கேட்ட மற்றவை. 'விலங்குப் பண்ணை'யை நான் டிஸ்டோப்பியா என்று சொல்லமாட்டேன். அது உருவகக் கதை. ரஷ்யப் புரட்சியும் அதன் பிறகு நடந்ததும் ஆள் ஆளாக, சம்பவம் சம்பவமாக அதில் பொருந்துகின்றன. தனக்கென்று நிற்கும் ஒரு கற்பனைச் சமூகத்தை அது கட்டவில்லை. இது என் கருத்து, மாற்றிச் சொல்லும் பாடநூல்களும் உண்டு. ஜாம்பி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிஸ்டோப்பியாவில் ஒழுங்கு அதிகம், ஜாம்பி கதையில் ஒழுங்கு சிதறிக் கிடக்கிறது. கண்காணிக்க ஆளே இல்லாத உலகம் பேரழிவுக்குப் பிந்தைய கதை, அது தனி வகை. அழிவுக்குப் பின் எழுந்த கொடுங்கோல் அரசைப் பற்றியது என்றால் இரண்டிலும் கால் வைத்திருக்கும், 'ஹங்கர் கேம்ஸ்' அப்படிப்பட்டது.

தமிழில் உதாரணம் வேண்டுமானால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்கால இந்தியாவை ஆளும் ஜீவாவின் ஆட்சியில் பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் கூடாது, குழந்தை பெறவே அனுமதி வேண்டும். அந்த ஆட்சியில் குடியிருக்கும் நிலாவின் பக்கத்தில் நின்றுதான் நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம். ஜீனோ என்ற இயந்திர நாய் குறும்பு பேசினாலும் வகைமை சுத்தமான டிஸ்டோப்பியாதான். பெரியாரின் 'இனிவரும் உலகம்' எதிர்காலத்தைப் பற்றிய யுடோப்பியச் சிந்தனை, ஆனால் கதையும் இல்லை, விருந்தாளியும் இல்லை, அவரே நேராகப் பேசுகிறார். புனைவு என்ற கட்டத்தில் அதை அடைக்க முடியாது. 'வண்மை இல்லை ஓர் வறுமை இன்மையால்' என்று கம்பர் பாடும் கோசலத்தையும் யுடோப்பியா என்று சிலர் எழுதுகிறார்கள். வறுமை இல்லாததால் கொடைக்கே வேலை இல்லாத நாடு, கேட்க எவ்வளவு அழகு! ஆனாலும் அது வேறு மரபு. கோசலத்தின் செழிப்பு மழையாலும் அரசனின் அறத்தாலும் வருவது. யுடோப்பியா என்பது வேலை நேரம், சொத்து, கல்யாணம், தண்டனை என்று மனிதர்கள் உட்கார்ந்து விதி வகுத்துக் கட்டியது. பொற்காலம், சொர்க்கம், ராமராஜ்ஜியம் ஆகியவற்றை அதனோடு கலந்தால் வகைமையின் கூர்மை போய்விடும்.

அடுத்து என்ன படிப்பது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். 'சுல்தானாவின் கனவு' ஒரே அமர்வில் முடிந்துவிடும், அதிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் 'நாம்'. படிக்கும்போது டி-503 எந்தப் பக்கத்தில் விளக்குவதை நிறுத்திவிட்டு மறைக்கத் தொடங்குகிறான் என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிறகு மோரை மறுபடி எடுத்து, முதல் பாகத்தை விடாமல் படியுங்கள். பயண அனுமதி விதி வரும் இடத்தில் ரஃபேலை ஒதுக்கி வைத்துவிட்டு, கடிதம் இல்லாமல் இரண்டாவது முறை பிடிபட்ட ஒருவர் அதைச் சொல்வதாக அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி அது. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்த அரைப் பக்கத்தில் உங்களுக்கே கிடைக்கும்.